ரொக்காவெந்தோவின் திறப்புகள்

மட்டக்களப்பு வாவிக்குள் மணிக்கூட்டுக் கோபுரம் நின்ற முதல் காலையில் கோரைத்துறைத் துறையடியில் இருந்தவர்கள்: இறால் வலையை உதறிக்கொண்டிருந்த சகோதரர்கள் இருவர், நண்டு உடைக்கும் கம்பனிக்குப் போகத் தோணிக்காகக் காத்து நின்ற பெண்கள், அவர்களுக்குள் தக்ஷாயினி, வாவிக்கு அந்தப் பக்கத்து எழுவான்கரையிலிருந்து துணி மூட்டையோடு வந்திறங்கிய காத்தான்குடி மஜீட், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எருமை ஒன்று, தக்ஷாயினியின் தகப்பன் தங்கராசா. தங்கராசா வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பல் தீட்டிக்கொண்டிருந்ததால் கடைசியாகத்தான் கண்டான். முந்தின நாள் இடுப்பளவுத் தண்ணீரும் ஒரு மீன்கூடும் மட்டும் இருந்த இடத்தில், சாம்பல் நிறக் கல்லால் கட்டிய கோபுரம், பாசி பிடித்து, பல வருடம் அங்கேயே நின்றது போல நின்றது. நான்கு பக்கமும் மணிக்கூடு. ஒரு பக்க யன்னல் கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அடியிலிருந்த கதவு பூட்டியிருந்தது.

"டவர் போடுறெண்டா முதல்ல நோட்டீஸ் ஒட்டுவானுகளே, தங்கராசாண்ணன். இது எந்த போன் கம்பனி?" என்று மஜீட் கேட்டான்.

மற்றவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள். தங்கராசா தன் இடுப்பைத் தடவிப் பார்த்தான். அப்போது கோபுரம் ஆறு அடித்தது. தக்ஷாயினி தன் போனைப் பார்த்து, "பிந்தி அடிக்குது" என்றாள். "அது அப்பிடித்தான்" என்றான் தங்கராசா. அவனுக்கு எப்படித் தெரியும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. தோணி வந்துவிட்டது.

தங்கராசாவுக்கு ஊரில் வீடு இல்லை. அதில் புதினம் ஒன்றுமில்லை. கோரைத்துறையில் எந்த ஆணுக்கும் வீடு இல்லை. வீடு பெண்ணுக்கு. மகள் மணவறையிலிருந்து எழும்பியதும் தாய் தன் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும் திறப்பை, வீட்டுச் சாவியை, அவிழ்த்து, மகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிடுவாள். அந்த நிமிடத்திலிருந்து அது மகளின் வீடு. தாயும் தகப்பனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வளவின் பின்பக்கக் கொட்டிலுக்குப் போவார்கள். ஆண் பிறப்பது தாயின் வீட்டில், படுப்பது பெண்சாதியின் வீட்டில், சாவது மகளின் வீட்டுப் பின்பக்கத்தில். இடையில் கட்டிக் கொடுப்பது மட்டும் அவன் வேலை.

தங்கராசா கட்டிக் கொடுத்தான். தக்ஷாயினி பால்குடி மறக்காத பிள்ளையாக இருந்தபோது, யுத்தத்தில் சுற்றிவளைப்பும் ஆள்பிடிப்பும் நடந்த காலத்தில், அவன் இத்தாலிக்குப் போனான். முதலில் பலெர்மோவில் கோப்பை கழுவினான். பிறகு மலைக்கு மேலே ரொக்காவெந்தோ என்னும் சிறிய ஊரில் வயது போனவர்களைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து முதலாம் தங்கைக்கு வீடு கட்டினான், இரண்டாம் தங்கைக்குக் கட்டினான், கடைசித் தங்கைக்கு மாடியோடு கட்டினான். அதன் பிறகு பெண்சாதி கண்ணகையின் தாய்வீட்டை இடித்து மூத்த மகள் நிருஷாவுக்குக் கட்டினான். அந்தக் கலியாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கண்ணகை தனியாக நின்று திறப்பைக் கொடுத்துவிட்டு, சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குப் போனாள். தக்ஷாயினியின் முறை வருவதற்குள் ரொக்காவெந்தோவில் பார்ப்பதற்கு ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள்.

ரொக்காவெந்தோவின் சரித்திரத்தைத் தங்கராசா எர்சீலியாவிடம் கேட்டு அறிந்தான். ஊர்வாசலோடு ஒட்டியிருந்த ஒற்றை அறை வீட்டில் அந்தக் கிழவி இருந்தாள். அவளைக் குளிப்பாட்டி, சூப் பருக்கி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் வேலை. எண்ணெய் தேய்க்கும்போது அவள் சொல்லுவாள். ஊரைக் கட்டியவன் ஒரு உப்பு வியாபாரி. கடலில் கப்பல்களையும் ஆண்மக்களையும் இழந்தவன், இனிக் கடலைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று மலையேறினான். கோபுரத்தைக் கட்டி முடித்து மேலே ஏறினால் ஒரு பக்க யன்னலில் கடல் தெரிந்தது. அந்த யன்னலைக் கல் வைத்து அடைத்தான். ஆனால் கடல் இருக்கிறது என்பது பொடியன்களுக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சம் வந்தபோது ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி ஆர்ஜென்டினாவுக்குப் போனார்கள். போகிறவர்கள் சதுக்கத்து நீரூற்றிலுள்ள கல்முகத்தின் மூக்கைத் தடவிவிட்டுப் போவார்கள். தடவித் தடவி அந்த மூக்கு இல்லாமலே போயிற்று. பெண்கள் எல்லாரும் சேர்ந்து மணிக்கூட்டுக்காரனுக்குப் பாற்கட்டியும் வைனும் கொடுத்து மணிக்கூட்டைப் பிந்தி ஓட வைத்தார்கள், ஆண்கள் ரயிலைத் தவறவிடட்டும் என்று. ஆண்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். அடுத்த ரயிலில் போனார்கள். மணிக்கூட்டை ஒருவரும் திருத்தவில்லை. எர்சீலியாவின் புருஷனும் குளிர்காலம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிப் போனவன்.

அவள் தான் இருந்த வாசல் வீட்டின் கதையையும் சொன்னாள். அதை மட்டும் தங்கராசா அரைகுறையாகத்தான் கேட்டான். அந்த நேரம் கடைசித் தங்கை போன் எடுத்து மாடிக்கு எந்த நிற மாபிள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொரோனாவில் ஊரில் மிஞ்சியிருந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் பூட்டித் திறப்பை எர்சீலியாவிடம் கொண்டுவந்து கொடுத்தவன் தங்கராசா. கடைசியில் அவளும் அவனும்தான் இருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் அவள் தலையணைக்குக் கீழிருந்து முழுத் திறப்புக் கோர்வையையும் எடுத்து, அவனுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். "இனி உன் முறை" என்றாள். அன்றே செத்துப்போனாள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவனுக்கு மொழி நன்றாக விளங்கியது. வழக்கம் விளங்கவில்லை. ஒரு பெண் இன்னொருவர் கையில் திறப்பை வைத்து விரலை மடக்கினால் அதற்குக் கோரைத்துறையில் ஒரே அர்த்தம்தான். தன் மகளுக்கு ஒரு வீடு தந்துவிட்டாள் என்று நினைத்து, அந்தக் கிழவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு அவளை அடக்கம் செய்து, வாசல் வீட்டையும் பூட்டி, விமானங்கள் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு வந்தான். கையில் ஒரு சூட்கேஸும் மூட்டு வருத்தமும் இடுப்பில் ஒரு திறப்புக் கோர்வையும் இருந்தன.

"மனுசர் வெளிநாட்டால வாறெண்டா சோப்புக் கொண்டு வருவாங்க, சொக்லேட் கொண்டு வருவாங்க" என்றாள் கண்ணகை. "நீங்க பழைய இரும்பு கொண்டு வந்திரிக்கீங்க." பிறகு கொட்டிலுக்குள் தன் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு அவனுக்கு இடம் விட்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

தக்ஷாயினிக்கும் கிரானைச் சேர்ந்த ஜெயந்தனுக்கும் விருப்பம் என்பது ஊருக்கே தெரிந்த விடயம். ஜெயந்தன் வெள்ளாமைக்காரன். தன் வயல் வட்டையை விட்டு ஒரு இரவு விலகியிருக்க மாட்டாத ஆள். மட்டக்களப்பு டவுனுக்குப் போனால்கூடத் தலை சுற்றுகிறது என்று பொழுதுபடுவதற்குள் திரும்பிவிடுவான். அவன் போகாத ஆள் என்பதற்காகத்தான் அவனைப் பிடித்தது என்று தக்ஷாயினி தாயிடம் சொல்லியிருந்தாள். ஆனால் ஜெயந்தனின் தாய் ஒரே பிடியாக நின்றாள். "என்ட மகன் வந்து இரிக்கிறதுக்கு ஒரு கூரை காட்டுங்க. இந்தக் கொட்டிலுக்குள்ள எருமையும் படுக்காது." வருடங்கள் போயின. தக்ஷாயினியோடு நண்டு உடைத்தவர்கள் எல்லாரும் கலியாணம் கட்டி, புதிதாக வந்தவர்கள் அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தங்கராசா பாயில் படுத்துக்கொண்டு, வீடு எங்கோ மலையில் இருக்கும்போது திறப்பு மட்டும் தன்னிடம் இருந்து என்ன பயன் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அந்த யோசனை தொடங்கிய வருடத்தில்தான் கோபுரம் வந்தது.

கோபுரத்துக்கு ஊர் பழகுவதற்கு அதிக நாள் எடுக்கவில்லை. மீன்பிடிக்காரர் தோணியை அதில் கட்டினார்கள். நீர்க்காகங்கள் மணியின் மேல் இருந்து செட்டையைக் காயவிட்டன. பள்ளிக்கூடம் அந்த மணிக்கே கூடியது. பிந்தி வந்த பிள்ளைகளுக்கு அது வசதியாகப் போயிற்று. அடைத்திருந்த யன்னலின் கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விழுந்தன; உப்பு வியாபாரியின் சபதம் அத்தோடு முடிந்தது. அடுத்த சிறுபோக நெல் வெட்டும் காலத்தில் பஸ் நிற்கும் சந்தியில் நீரூற்று வந்தது, மூக்கில்லாத முகத்தோடு, நல்ல தண்ணீரோடு. மஜீட் தன் துணி மூட்டையை அதன் படியில் விரித்து, பிறகு தறப்பாள் கட்டி, பிறகு கடையாக்கினான். கட்டாரிலே பதினாறு பெருநாள் கொண்டாடியவன் அவன். தங்கச்சிமாருக்கும் மகள் ஸுஹைனாவுக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு இப்போது கடைக்குள் படுக்கிறவன். "அல்லாஹ் உங்களுக்கு ஊரையே குடுத்திரிக்கான் அண்ணன்" என்பான், இது எந்த ஊர் என்று தங்கராசா சொன்ன நாளிலிருந்து. "எனக்கு ஒரு நாலு கல்லு குடுத்திரிக்கப்படாதா?"

கிரானுக்குப் போகும் வீதிக்குக் குறுக்கே ஊர்வாசல் வந்தது. பஸ் அதற்குள் நுழையாதபடியால் வெளியே நின்றது. கண்டக்டர் "ரொக்காவெந்தோ இறங்கிற ஆக்கள்" என்று கூப்பிடப் பழகினான். சின்னக் கோயில் ஒன்று வந்தது. உள்ளே தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு ஒரு சாமியும், வாயில் ரொட்டியோடு ஒரு நாயும். நாயைக் கண்டதும் இது வைரவர்தான் என்று பெண்கள் செவ்வரத்தம்பூ வைத்தார்கள். கோட்டுப் போட்ட சிலர் வந்து, இதெல்லாம் யாருடைய முன்னோர் கட்டியது என்று ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தங்கள் தங்கள் பாட்டன் அதில் தெரிந்தான். ஆனால் அளவு நாடா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு அளவு காட்டியது. மாரி தொடங்கியதும் அவர்கள் போய்விட்டார்கள்.

சதுக்கத்துக் கல்லும் வந்தது. யுத்தங்களுக்குப் போய் வராத ரொக்காவெந்தோப் பொடியன்களின் பெயர்கள் அதில் வெட்டியிருந்தன. முதலில் அதன் மேல் மீன் காயப் போட்டார்கள். பிறகு ஒருநாள் ஒரு தாய் வந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளுக்குள் ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து, அதன் கீழ் ஒரு பூவை வைத்துவிட்டுப் போனாள். யுத்தத்தில் காணாமல் போன அவளுடைய மகனின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, வெட்டவும் முடியாது. இத்தாலிக்காரன் பெயர்தானே, யார் வந்து கேட்கப் போகிறான்? கொஞ்ச காலத்தில் எல்லாப் பெயர்களையும் தாய்மார் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டமாவடியிலிருந்தும் ஒரு உம்மா வந்தாள். பெயர் மிச்சமில்லாததால் கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டுப் போனாள். இப்போது அதில் ஒருவரும் மீன் காயப் போடுவதில்லை.

வீடுகள் கடைசியாக வந்தன. வெள்ளம் வடிந்த காலையில் எருமைகள் மேயும் தரவையில் அவை நெருக்கமாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, ஓட்டுக் கூரையோடும் இரும்பு மாடங்களோடும் நின்றன. எல்லாம் பூட்டியிருந்தன. ஊர்வாசலோடு ஒட்டியபடி எர்சீலியாவின் ஒற்றை அறையும் இருந்தது. அன்றுதான் தங்கராசா இடுப்பிலிருந்த கோர்வையை எல்லாருக்கும் முன்னால் அவிழ்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரே அவனுக்கு எழும்பி இடம் கொடுத்தது. குமர்ப் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார் கொட்டில் வாசலில் வந்து குந்தினார்கள். மகளுக்கென்று நினைத்து வைத்திருந்ததுதான் அது. ஆனால் தங்கராசா கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள். கேட்காதவர்களை மறந்துபோகிற ஆளும்கூட. முதலாவது வீட்டைத் தங்கையின் மகளுக்குக் கொடுத்தான். இரண்டாவதையும் மற்றத் தங்கையின் மகளுக்குக் கொடுத்தான். பிறகு தபாற்காரரின் மகளுக்கு, பிறகு யார் யாருக்கோ. மாடம் வைத்த நல்ல வீடுகள் போய்க்கொண்டிருந்தன.

"முதலும் உங்கட தங்கச்சிமாருக்குத்தான் கட்டினீங்க" என்றாள் கண்ணகை, நெல்லைப் புடைத்துக்கொண்டே. "இப்ப ஆண்டவன் கட்டி அனுப்பினதையும் அவளுகளுக்குத்தான் குடுக்கிறீங்க. இவள் உங்களுக்குப் பொறக்கல்லயா?"

தங்கராசா அன்று பின்னேரமே நீரூற்றைப் பார்த்தபடி நின்ற ஒரு வீட்டின் திறப்பைத் தனியே எடுத்து வைத்தான். ஜெயந்தனின் தாய் வந்து கூரையைப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், ஓம் என்றாள். ஆனால் அதற்குள் வேறொரு செய்தி ஊரில் பரவத் தொடங்கியிருந்தது.

தங்கையின் மருமகன் புது வீட்டில் படுத்து எழும்பிய சில நாட்களில், கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் இருந்தது. அதற்குள் அவனுடைய உடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. யார் மடித்தார்கள் என்று தெரியவில்லை. சேட்டுப் பையில் டோஹாவுக்கு விசா இருந்தது. அவன் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. இருக்கிறதுதானே என்று போனான். தபாற்காரரின் மருமகன் கனடா போனான். கள்ளுக் குடித்துவிட்டுச் சந்தியிலேயே கிடந்த ஒருவன்கூட, எழும்பி, முகம் கழுவி, நீரூற்று முகத்தின் இல்லாத மூக்கைத் தடவிவிட்டுப் பஸ் ஏறினான். போனவர்கள் எல்லாரும் ஒழுங்காகக் காசு அனுப்பினார்கள். மாடங்களில் பெண்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கோபுரம் பிந்திப் பிந்தி அடித்தது. கோரைத்துறை நல்லாய்ப் போய்விட்டது என்று வெளியூரில் சொன்னார்கள்.

"வேணாம் புள்ள" என்றாள் கண்ணகை. "அந்த வீட்டுக்குப் போகாத. இந்தக் கொட்டிலுக்குள்ளயே நானும் நீயும் இரிப்பம்."

"ஜெயந்தன் போக மாட்டான், அம்மா. கிரான் சந்தியத் தாண்டினா அவனுக்குச் சத்தி வரும்."

"உங்கட அப்பாவும் பஸ்ஸில சத்தி எடுக்கிற ஆள்தான்."

கலியாணம் நடந்தது. கண்ணகை திறப்பை மகளின் கையில் வைத்து விரலை மடக்கியபோது சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தக்ஷாயினி கட்டிலுக்குக் கீழே கூட்டுமாற்றை விட்டபோது அது எதிலோ தட்டுப்பட்டது. அவள் சூட்கேஸை இழுத்தெடுத்து, உடுப்புகளை அலுமாரியில் அடுக்கிவிட்டு, வெற்றுச் சூட்கேஸைக் கொண்டுபோய் வாவிக்குள் எறிந்தாள். மறுநாள் அது ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிலுக்குக் கீழே உடுப்பு நிறைந்து கிடந்தது. விசாவைக் கிழித்து அடுப்பில் போட்டாள். தேத்தண்ணி கொதிப்பதற்குள் அது மறுபடியும் அவனுடைய பையில் இருந்தது. படுக்கும்போது தன் காலையும் அவன் காலையும் சேலையால் கட்டினாள். விடிய எழும்பிப் பார்த்தால் முடிச்சு அப்படியே இருந்தது, கால் இல்லை. ஊர்வாசலடியில் ஜெயந்தன் சூட்கேஸோடு நின்று அழுதுகொண்டிருந்தான். வயலுக்குப் போகும் அரைக்கால்சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தான்.

"நான் போகல்ல மாமா" என்றான் தங்கராசாவைக் கண்டதும். "என்ட கால் போகுது. வட்டைக்குத் தண்ணி கட்டோணும். ஒருக்கா என்னப் புடிங்க."

தங்கராசா அவனைப் பிடித்தான். பின்னால் ஓடிவந்த தக்ஷாயினி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனால் தகப்பனைப் பார்த்துத்தான் பேசினாள். சிறுபிள்ளையிலிருந்து போனில் தவிர அவனோடு நீளமாகப் பேசாதவள்.

"அப்பா, இது உங்கட ஊர். நீங்கதான் கூட்டி வந்தீங்க. நீங்கதான் நிப்பாட்டோணும். நான் அம்மா மாதிரி இரிக்க மாட்டன். அம்மாட சீவியம் எனக்கு வேணாம்."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை.   இருபத்துச் சொச்சம் வருடமும் தங்கராசா தன்னை ஊருக்கு வீடு கட்டியவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். கட்டிய வீடுகளுக்குள் யார் தனியே இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை. மருமகனின் தோளைப் பிடித்தபடி நின்றவனுக்கு எதிரே எர்சீலியாவின் கதவு தெரிந்தது. அரைகுறையாகக் கேட்ட கதையின் மறு பாதி அப்போதுதான் அவன் காதில் விழுந்தது, எண்ணெய்ப் போத்தலின் வாசனையோடு.

ரொக்காவெந்தோவில் ஆட்கள் போவது வழக்கம். ஆட்கள் போக, ஒருவர் போகாமல் இருப்பதும் வழக்கம். அவர்தான் வாசல் வீட்டுக்காரர். திரும்பி வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத் திறப்புகள் எல்லாம் அவரிடம் இருக்கும். அவர் அந்த வீட்டை விட்டு ஒரு இரவும் வெளியே தங்கக்கூடாது. தங்கினால் ஊர் தனக்கு ஆள் இல்லை என்று நினைத்து, உள்ளே படுக்கிறவர்களை எல்லாம் அனுப்பத் தொடங்கும். அவரையும் தேடிப் போகும். எர்சீலியாவின் மாமியார் எர்சீலியாவின் கையில் திறப்பை வைத்து விரலை மடக்கினாள், அவள் இளம்பெண்ணாக இருந்தபோது; அதனால்தான் அவள் புருஷனின் பின்னால் ஆர்ஜென்டினாவுக்குப் போகவில்லை. கிழவி அவனுக்குத் தந்தது வீடு அல்ல. இருக்கச் சொல்லி ஒரு வேலை தந்தாள். அதை அவன் இடுப்பில் முடிந்துகொண்டு விமானம் ஏறினான். ஊர் பின்னால் வந்தது. இவ்வளவுதான் நடந்தது.

தங்கராசா அன்றே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் வீட்டுக்குப் போனான். எர்சீலியாவின் கட்டில் அங்கே இருந்தது. சூப்புக் கோப்பையை அவன் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே அது இருந்தது. அன்றிரவு ஜெயந்தனின் சூட்கேஸ் நிறையவில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஓட்டமாவடி பஸ் நிலையத்தில், பொலன்னறுவை பஸ்ஸுக்கு நிற்பவர்களோடு, தங்கராசா தன் பழைய சூட்கேஸோடு நின்றான். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. போய்ப் போய்ப் பழகிய கால். அவன் வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஜெயந்தன் மறுபடியும் கோட்டுப் போட்டுவிட்டான். மஜீட்தான் வானை எடுத்துக்கொண்டு போய்த் தங்கராசாவைக் கூட்டி வந்தான். மறுநாளும் போய்க் கூட்டி வந்தான். அதற்கு அடுத்த நாள் தகப்பன் வந்து சேருவதற்குள் ஜெயந்தனுடைய பஸ் புறப்பட்டுவிட்டது. தக்ஷாயினி அதன் முன்னால் வீதியில் படுத்து அதை நிறுத்தினாள்.

"வானுக்கு எண்ண அடிச்சே காசு முடிஞ்சிரும் அண்ணன்" என்றான் மஜீட். "உங்கள யாராவது உள்ள விட்டுப் பூட்டினாத்தான் சரி."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். தங்கராசா சிரிக்கவில்லை. வானிலிருந்து இறங்கி நேரே கொட்டிலுக்குப் போனான். கண்ணகை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் கோர்வையிலிருந்து வாசல் வீட்டுத் திறப்பைக் கழற்றி, அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினான். ஒரு ஆண் ஒரு பெண்ணின் கையில் திறப்பை வைத்து விரலை மடக்கியது கோரைத்துறையில் அதுதான் முதல் தடவை. அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் விட்டது அவனுக்கு அந்த நேரம்தான் நினைவு வந்தது. எல்லாருக்கும் கட்டினான். அவளுடையதை இடித்தான்.

"பின்னேரம் வந்து வெளியால பூட்டிரு" என்றான். "விடிஞ்சாப் பிறகு திற. நான் கேட்டாலும் திறக்காத."

கண்ணகை வெங்காயக் கையால் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கெண்டு கதவத் திறந்து வெச்சிக்கிட்டு இரிந்தன் அப்ப" என்றாள். "பூட்டி வெச்சிரிக்கோணும் போல."

அதன் பிறகு ஜெயந்தனின் சூட்கேஸுக்குள் தக்ஷாயினி விதைநெல் போட்டு வைத்தாள். அது அங்கேயே இருந்தது. டோஹாவுக்குப் போனவன் ஒருநாள் திரும்பி வந்தான். வாசலடியில் தங்கராசா அவனுக்கு வீட்டைத் திறந்துவிட்டான். கனடாக்காரன் இன்னும் வரவில்லை. கள்ளுக்காரனைப் பற்றிச் செய்தி இல்லை. அவன் பெண்சாதி மாடத்தில் நிற்பதை நிறுத்திவிட்டாள். தக்ஷாயினி தகப்பனோடு இப்போதும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பகலில் வயலுக்குப் போகும் வழியில் ஜெயந்தன் வாசல் வீட்டடியில் சைக்கிளை நிறுத்தி, வட்டையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போவான். தங்கராசா அந்த வட்டையைப் பார்த்ததில்லை. பொழுதுபடுவதற்குள் போய்த் திரும்ப அவனுடைய முழங்கால் விடாது. கண்ணகை கொட்டிலில்தான் இருக்கிறாள். வாசல் வீட்டுக்கு வந்து தங்கேன் என்று அவன் ஒரு தடவை கேட்டான். உள்ளே இருந்தால் வெளியே யார் பூட்டுவது என்று அவள் கேட்டாள். 

இப்போது இறால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கோபுரத்தில் ஒரு கடற்பருந்து கூடு கட்டியிருக்கிறது. பின்னேரம் வாவிக்குள் மணி பிந்தி ஆறு அடித்ததும் கண்ணகை கொட்டிலிலிருந்து இறங்கி, மஜீடின் கடையைத் தாண்டி, செவ்வரத்தம்பூ ஒன்றை நாய்க்கு வைத்துவிட்டு, சோற்றுக் கோப்பையோடு ஊர்வாசலுக்கு வருகிறாள். தங்கராசா சாப்பிட்டு முடியும்வரை படியில் இருக்கிறாள். மழை வருமா என்று அவன் கேட்கிறான், வரும் என்கிறாள். அவன் கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டு எழும்பி, தலையைக் குனிந்து உள்ளே போகிறான். அவள் கதவை இழுத்துச் சாத்தி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறாள்.